எட்டுச் சாமானில் ஒன்று

"அக்கா, இதுல இறால் எதுவும் சேராதுல்லா? எனக்கு இறால் ஆகாது."

கேட்ட பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். கழுத்தில் ஏதோ ஷிப்பிங் ஏஜென்சியின் அடையாள அட்டை. கல்லாவில் நின்ற சண்முகப்ரியா சிரித்துக்கொண்டே பில்லைக் கிழித்தாள். "சிக்கன்ல எங்கம்மா இறால் வரும்? சுத்தமான கோழிதான். தைரியமாச் சாப்பிடு."

உள்ளே எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றிருந்த முத்துக்கனியின் காதில் கேள்வியும் விழுந்தது, பதிலும் விழுந்தது. அவள் கையிலிருந்த அரிகரண்டி ஒரு கணம் சட்டிக்கு மேலேயே நின்றது. சண்முகப்ரியா பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது. அந்தக் கடையில் தெரிந்தவள் முத்துக்கனி ஒருத்திதான்.

முத்தையாபுரம் மெயின் ரோட்டில் 'கலங்கரை கோழி வறுவல்' கிளையை அவள் எடுத்து ஐந்தாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. தலைமை அலுவலகம் கோவில்பட்டியில். மொத்தம் முப்பத்திரண்டு கிளைகள். மசாலா எல்லாம் நம்பர் போட்ட பாக்கெட்டில்தான் வரும். ஒன்றாம் நம்பர் கோழியை ஊறவைக்க. இரண்டாம் நம்பர் மாவில் கலக்க. மூன்றாம் நம்பர், பொரித்தெடுத்த துண்டுகளின் மேல் சூட்டோடு தூவ. ஜனங்கள் தேடி வருவது அந்த மூன்றாம் நம்பருக்காகத்தான். அதில் என்ன இருக்கிறது என்று எந்தக் கிளைக்காரரும் கேட்கக்கூடாது என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

முத்துக்கனிக்கு மட்டும் தெரிய வந்தது வெள்ளத்தால். இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பரில் ஊரே தண்ணீரில் நின்றபோது, தூத்துக்குடியில் கம்பெனி மசாலா அரைக்கிற கூடத்துக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர் ஏறிவிட்டது. ரோடுகள் அறுந்துகிடந்தன. துறைமுகப் பக்கத்துக் கிளைகள் நான்கும் சரக்கில்லாமல் நின்றன. கம்பெனி முதலாளி செந்தில்முருகன் போனில் கூப்பிட்டு, எட்டுச் சாமான்களின் பெயரையும் அளவையும் வறுக்கிற பக்குவத்தையும் அவளிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். மூன்று வாரம் அவளே வறுத்து, அரைத்து, நான்கு கடைகளுக்கும் கொடுத்தாள். பிறகு ஒரு காகிதம் வந்தது. 'மேற்படி கலவையின் பொருட்கள், அளவு, செய்முறை எதையும் எவரிடமும், எக்காலத்திலும், எந்தச் சூழலிலும் வெளியிடமாட்டேன்.' கையெழுத்துப் போட்டாள். அவர் நம்பிக்கை வைத்து அவளைக் கூப்பிட்டதில் அவளுக்குப் பெருமைதான்.

அந்த எட்டில் ஒன்று சென்னாக்குன்னி. காயவைத்த பொடி இறாலைக் கருகாமல் வறுத்துத் தூளாக்கியது.

ஒரு சிட்டிகைதானே என்று முத்துக்கனி நினைத்தாள். அந்தப் பெண் சொல்வது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத சங்கதியாக இருக்கும் என்று நினைத்தாள். கல்லாவுக்குப் போய் வேண்டாம் என்று தடுத்தால், ஏன் என்று கேட்பாளே என்றும் நினைத்தாள். இவ்வளவையும் நினைத்து முடிப்பதற்குள் அடுத்த ஆர்டர் வந்துவிட்டது. அவள் துண்டுகளை அரித்தெடுத்து மூன்றாம் நம்பரைத் தூவித் தட்டை நகர்த்தினாள்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. நாற்காலி சரியும் சத்தம் கேட்டது.

முத்துக்கனி வெளியே வந்து பார்த்தபோது அந்தப் பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு இரண்டும் வீங்கி, கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. மூச்சை இழுக்கிறாள், உள்ளே போகவில்லை. கூட வந்த தோழி என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள். முத்துக்கனி அந்தப் பெண்ணைத் தோளில் சாய்த்துத் தூக்கி, வாசலில் நின்ற ஆட்டோவில் ஏற்றினாள். பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி மூன்று நிமிடத் தூரம். அதற்குள் அந்தப் பெண்ணின் தலை இரண்டு தடவை தொங்கிப்போனது. ஒவ்வொரு தடவையும் முத்துக்கனி அதை நிமிர்த்திப் பிடித்தாள்.

டாக்டர் வேதமணி தொடையில் ஊசி போட்டு, மூக்கில் ஆக்ஸிஜன் மாட்டினார். கால் மணி நேரத்தில் மூச்சு சீரானது. பெண்ணின் பெயர் ஐஸ்வர்யா என்று தோழி எழுதிக்கொடுத்தாள். அம்மா பிரேமா ஆத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். வந்ததும் அவள் முதலில் சொன்னது, "இறால் சாப்பிட்டாத்தான் இப்படி வரும் சார். சின்னப் பிள்ளையிலிருந்தே. அதனால அவ தொடவே மாட்டா" என்பது.

"கடையில இறால் சாப்பிடலியே" என்றார் டாக்டர். தோழி பக்கம் திரும்பினார். "வேற ஏதாவது?"

"தலைவலின்னு ஆபீஸ்ல ஒரு மாத்திரை போட்டா சார். அஞ்சு மணி வாக்குல."

டாக்டர் மாத்திரையின் பெயரைக் கேட்டுத் தலையாட்டினார். "அதுவாத்தான் இருக்கும். சிலருக்கு இந்த மாத்திரை இப்படிச் செய்யும். எழுதித் தாரேன். இனிமே எங்க போனாலும் இந்த மாத்திரை ஆகாதுன்னு சொல்லிருங்க." பிறகு, சுவரோரம் நின்ற முத்துக்கனியைப் பார்த்தார். "நீங்கதான் கடைக்காரம்மாவா? மசாலாவுல என்னென்ன சேருதுன்னு சொல்லுங்க. அதையும் பாத்துருவோம்."

"கம்பெனி மசாலா சார். ஒரு நிமிசம், கேட்டுச் சொல்லுதேன்" என்று முத்துக்கனி நடைபாதைக்கு வந்தாள்.

செந்தில்முருகன் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். நடந்ததைச் சொன்னாள்.

"உசுருக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார் அவர்.

"இல்லை அண்ணாச்சி. பொழைச்சுக்கிட்டா."

"அப்போ சரி. மிளகாய், மல்லி, மிளகு, உப்புன்னு சொல்லு. அதுவும் பொய் இல்லை. எட்டுல நாலு அதுதான்."

"அவளுக்கு ஆகாததே அந்த இறால்தான் அண்ணாச்சி."

எதிர்ப்பக்கம் அவர் குரல் தாழ்ந்தது. "முத்துக்கனி, நீ கையெழுத்துப் போட்டிருக்க. முப்பத்திரண்டு கடையும் அந்த ஒண்ணுலதான் நிக்கி. ஆஸ்பத்திரியில ஒருத்தர்ட்ட சொன்னா அது ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி. ஊசி போட்டாச்சு, பிள்ளை தேறிட்டா. இப்போ தெரிஞ்சு அவங்க என்ன செய்யப்போறாங்க?"

"மாத்திரைதான் காரணம்னு எழுதப்போறாரு அண்ணாச்சி. எழுதிட்டார்னா, அந்தப் பிள்ளை மாத்திரையை விட்டுரும். நம்ம கடைக்கு மறுபடியும் வரும். இங்கன வரலைன்னாலும் ஏதாவது ஒரு கிளைக்குப் போகும்."

"அடுத்த தடவை வந்தா நீ கொடுக்காதே."

"முப்பத்தோரு கடைக்காரங்களுக்கு யாரு சொல்லுவா?"

அவர் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. "நான் டாக்டர்ட்ட சொல்லப்போறேன் அண்ணாச்சி. அதை உங்கள்ட்ட முதல்ல சொல்லணும்னுதான் போன் பண்ணேன்" என்று சொல்லிவிட்டு முத்துக்கனி போனை வைத்தாள். நேரே உள்ளே போனாள்.

டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "தூவுற பொடியில காஞ்ச இறால் தூள் இருக்கு சார். சென்னாக்குன்னி. பில் போடுற பிள்ளைக்குக்கூட இது தெரியாது. மத்தது என்ன, எவ்வளவுன்னு நான் சொல்லக்கூடாது. இதை மட்டும் எழுதிக்கிடுங்க" என்றாள்.

டாக்டர் அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். மாத்திரையின் பெயரை எழுதியிருந்த தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முத்துக்கனி மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கணவர் செந்தூர்பாண்டி துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவர். டியூட்டிக்குக் கிளம்பும்போது, "இன்னும் எதுக்குளா அங்கன போற? டாக்டர்ட்ட சொல்லியாச்சுல்லா" என்று கேட்டார். "அந்தப் பிள்ளைட்ட சொல்லணும்" என்றாள் அவள்.

ஐஸ்வர்யா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வீக்கம் வடிந்திருந்தது. டாக்டர் சொல்லி அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. பிரேமா முத்துக்கனியைக் கண்டதும் எழுந்து நின்றுகொண்டாள். உட்காரச் சொல்லவில்லை.

"அந்த அக்காவுக்குத் தெரியாதுன்னு டாக்டர் சொன்னாரு" என்றாள் ஐஸ்வர்யா. "பில் போட்ட அக்காவுக்கு. அப்படின்னா நான் கேட்டதுக்கு அவங்க சொன்னதுல தப்பு இல்லை."

"அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"நான் கேட்டது உங்க காதுல விழுந்துச்சா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். எண்ணெய்ச் சட்டிச் சத்தத்தில் கேட்கவில்லை என்றால் யாரும் நம்புவார்கள். வரும் வழியெல்லாம் அந்தப் பதிலும் அவள் மனசில் கூடவே வந்திருந்தது.

"விழுந்துச்சும்மா. ஒரு சிட்டிகைதானேன்னு விட்டுட்டேன். காகிதத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன்னு வாயைத் தொறக்கலை. ரெண்டு எட்டு வச்சு வந்து, உனக்கு இது வேண்டாம்னு மட்டும் சொல்லியிருக்கலாம். ஏன்னு நீ கேட்டாலும், சொல்ல முடியாது, வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். அதைச் செய்யலை."

ஐஸ்வர்யா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரேமாதான் பேசினாள். "என் பிள்ளை செத்திருந்தா, அந்தக் காகிதத்தையா எங்கிட்ட காட்டியிருப்ப?"

முத்துக்கனி தலை குனிந்து நின்றாள். ஐஸ்வர்யா திரும்பாமலே கேட்டாள். "என்னை மாதிரி வேற யாராவது வந்தா என்ன செய்வீங்க?"

"அதைச் சரி பண்ணாம அந்தப் பொடியை நான் தொட மாட்டேன்" என்றாள் முத்துக்கனி.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்கு வந்து, மூன்றாம் நம்பர் பாக்கெட் எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டிக்குள் போட்டு, டேப் ஒட்டி, மேலே தேதி எழுதினாள். சண்முகப்ரியாவிடம், "இன்னைக்கு முதல் மூணாம் நம்பர் இல்லாமத்தான் கொடுக்கப்போறோம். ருசி ஏன் மாறிட்டுன்னு கேட்டா, சரக்கு வரலைன்னு சொல்லாத. கடைக்காரம்மா நிறுத்தி வச்சிருக்கான்னு சொல்லு" என்றாள். பிறகு கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினாள். எல்லாக் கிளைகளிலும் இறால் வகை சேர்கிறது என்று எழுதிப் போட வேண்டும், அதுவரை அந்தப் பாக்கெட்டை உபயோகிக்கமாட்டேன் என்று. பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

பதில் நான்காம் நாள் வந்தது. ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவை மீறி ரகசியத்தை வெளியிட்டது ஒரு குற்றம். கம்பெனி சொன்ன முறைப்படி சமைக்காதது இன்னொரு குற்றம். பதினைந்து நாளுக்குள் தகுந்த விளக்கம் தராவிட்டால் கிளை ரத்து செய்யப்படும்.

செந்தூர்பாண்டி அதை இரண்டு தடவை படித்தார். "ஏளா, அஞ்சு வருச உழைப்பு" என்றார். சாயங்காலம் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து, "வக்கீலைப் பாக்கப் போவோம், ஏறு" என்றார்.

வக்கீல் அஃபீஃபா காயல்பட்டினத்துக்காரி. தூத்துக்குடியில் அலுவலகம் வைத்திருந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். முத்துக்கனி கொண்டுபோன காகிதங்களை வரி வரியாகப் படித்தாள். நடுவில் முத்துக்கனி ஏதோ பேச ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள். முடித்ததும் நிமிர்ந்தாள்.

"முதல் ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்குக்கா. சட்டம் சொல்லச் சொல்ற தகவலைச் சொன்னா அது மீறல் ஆகாது, ஆனா கம்பெனிக்கு முன்கூட்டியே தெரியப்படுத்தணும்னு. நீங்க டாக்டர்ட்ட சொல்றதுக்கு முன்னால முதலாளிக்குப் போன் பண்ணியிருக்கீங்க. நேரம் போன்லயே இருக்கும். அதை அழிச்சிராதீங்க."

"வெள்ளத்துல போட்ட காகிதத்துல அப்படி இல்லியேம்மா. எந்தச் சூழலிலும்னு போட்டிருக்கே."

"போட்டுக்கலாம். காகிதத்துல எழுதிட்டா சட்டம் மாறிடுமா? பத்துக் கடையோ அதுக்கு மேலயோ உள்ள சாப்பாட்டுக் கம்பெனி, ஒவ்வாமை தர்ற பொருள் சேர்ந்தா அதை வாங்குறவங்களுக்குத் தெரியப்படுத்தணும்னு உணவுப் பாதுகாப்பு விதியிலயே இருக்கு. இறால், நண்டு வகையெல்லாம் அந்தப் பட்டியல்ல வருது. அவங்க செய்யவேண்டியதை அவங்க செய்யலை. நீங்க செஞ்சீங்க." அஃபீஃபா காகிதங்களை அடுக்கினாள். "ஆனா ஒண்ணு. மத்த ஏழு சாமானும், அளவும், பக்குவமும் அவரோட ரகசியம்தான். அது உண்மையிலேயே அவர் சொத்து. கோபத்துல யார்ட்டயாவது ஒரு வார்த்தை விட்டீங்கன்னா, அவர் கேஸ் ஜெயிச்சிரும். இந்தக் கிளை போனப்புறமும் அப்படித்தான். நாளைக்கே நீங்க தனியாக் கடை போட்டா, அதை யாரும் தடுக்க முடியாது. ஆனா அந்தப் பொடியை நீங்க செய்யக்கூடாது."

"செய்யமாட்டேன். அது எனக்கு வேண்டாம்."

"எங்கிட்ட கூடச் சொல்லாதீங்க" என்றாள் அஃபீஃபா. அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தாள்.

விஷயம் அதற்குள் வெளியே கசிந்திருந்தது. கலங்கரைக்காரனுக்கும் கிளைக்காரிக்கும் சண்டை என்று பேச்சு. அந்த வாரம் திருச்செந்தூர் ரோட்டில் பெரிய ஹோட்டல் வைத்திருக்கிற ஒருவர் காரில் வந்து இறங்கினார். காபி சொல்லலாமா என்று முத்துக்கனி கேட்க, வேண்டாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவன் உன்னை வெளிய தள்ளப்போறான்னு கேள்விப்பட்டேன்மா. நான் உனக்கு இதே ரோட்டுல, இதைவிடப் பெரிய கடை போட்டுத் தாரேன். பேரு உன் பேருலயே இருக்கட்டும். அந்தப் பொடியை மட்டும் நீ போட்டுக் கொடு. எழுதித் தரக்கூட வேண்டாம். நீயே உன் கையால போட்டா போதும்."

"அது என்னோடது இல்லை அண்ணாச்சி."

"உன்னைப் பிடிச்சு வெளிய போடுதவனுக்கா நீ காவல் நிக்க?"

"அவர் எனக்கு என்ன செய்தார்ங்கிறது எனக்கும் அவருக்கும் உள்ளது. அவர் நம்பிச் சொன்னதை நான் விக்க முடியாது."

"இறால்தான் போடுதான்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்க. அதுக்கு மேல என்ன இருக்கு மறைக்க?"

"ஒரு பிள்ளை உசுருக்கு எது தேவையோ அதைச் சொன்னேன். உங்களுக்கு இப்போ உசுரு ஒண்ணும் போகலியே" என்றாள் முத்துக்கனி. அவர் எழுந்து போனார். சண்முகப்ரியா கார் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒத்துக்கிட்டிருந்தா நமக்கு நல்லதுதான் மதினி" என்றாள் மெதுவாக. முத்துக்கனி கோழித் துண்டுகளைக் கழுவப் போய்விட்டாள். மூன்றாம் நம்பர் இல்லாமல் அன்றைக்கு விற்றது வழக்கத்தில் பாதிகூட இல்லை. மிச்சத்தை வேலைக்கு வந்தவர்கள் பங்கிட்டு எடுத்துப் போனார்கள்.

பதினைந்து நாள் கெடுவில் பதினோராம் நாள், மத்தியானம் கடை திறக்காத நேரத்தில் செந்தில்முருகனே வந்தார். கூட மேனேஜர் யாரும் இல்லை. ஐம்பத்தைந்து வயது, உடன்குடிக்காரர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் துறைமுகத்துக்குப் போகிற வழியில் தள்ளுவண்டியில் கோழி பொரித்து விற்று மேலே வந்தவர். பாதித் திறந்த ஷட்டருக்குள் குனிந்து வந்து, கடை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். டேப் ஒட்டிய பெட்டி அலமாரியின் மேல் இருந்தது.

"அந்த ஹோட்டல்காரன் வந்தானாமே."

"வந்தாரு."

"என்ன கேட்டான்?"

"நீங்க எங்கிட்ட போன்ல சொன்னதை எல்லாம் கேட்டாரு."

"நீ?"

"உங்களோடதுன்னு சொன்னேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் உள்ளே போய், இரும்புப் பெட்டியைத் திறந்து, வெள்ளத்தின்போது எழுதிய நோட்டுத் தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். எண்ணெய்க் கறை படிந்து மடிப்பில் கிழிந்திருந்தது. "எங்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான் அண்ணாச்சி. படம் எடுக்கலை, நகல் எடுக்கலை. பாக்கெட்டும் எண்ணிக்கை குறையாம அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. தலையில உள்ளதை மட்டும்தான் எடுத்துத் தர முடியலை."

செந்தில்முருகன் தாளை விரித்தார். தன் குரலை அவள் எழுத்தில் படிப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"எனக்கு முன்னால ஒரு பார்ட்னர் இருந்தான்" என்றார். "தள்ளுவண்டியில கூட நின்னவன். சித்தப்பா மகன். இரண்டாவது கடை போட்ட வருசம், இரண்டாம் நம்பர் மசாலாவை அப்படியே எடுத்துட்டுப் போய் எதுத்த தெருவுலயே கடை போட்டான். நான் மறுபடியும் முதல்லருந்து ஆரம்பிச்சேன். மூணாம் நம்பரைக் கண்டுபிடிக்க ஒண்ணரை வருசம் ஆச்சு. எத்தனை கிலோ கருக்கித் தூரப் போட்டிருப்பேன் தெரியுமா? அதுக்கப்புறம் அதை முழுசாச் சொன்னது உனக்கு மட்டும்தான். என் பெஞ்சாதிக்கே தெரியாது."

"தெரியும் அண்ணாச்சி. அதனாலதான் இன்னும் என் வாயிலருந்து வரலை."

"இறால்னு வந்துட்டே. போர்டுல அதை எழுதிட்டா, நாளைக்கே தெருவுக்கு ஒருத்தன் தூவ ஆரம்பிப்பான்."

"தூவட்டும். வறுக்கிற பக்குவம் தெரியுமா? எப்போ சேக்கணும்னு தெரியுமா? மத்த ஏழு தெரியுமா? கருக்கித்தான் பாப்பான். நீங்க கருக்கின மாதிரி." அவளும் எதிரே உட்கார்ந்தாள். "நானே கையால அரைச்சவ அண்ணாச்சி. எழுதினதைப் பாத்தே மூணு தடவை எனக்குச் சரியா வரலை. நீங்க போன்ல திட்டினீங்க."

"கடையில போர்டு பாத்துக் கூட்டம் குறைஞ்சிட்டா?"

"குறையட்டும். எனக்கு இப்பவே பாதி வியாபாரம் இல்லை. நின்னுட்டுத்தான் இருக்கேன்." கல்லாப் பக்கம் கையைக் காட்டினாள். "அந்தப் பிள்ளை எங்கிட்ட கேட்டா அண்ணாச்சி, நான் கேட்டது உங்க காதுல விழுந்துச்சான்னு. இன்னொரு தடவை அந்தக் கேள்விக்கு என்னால பதில் சொல்ல முடியாது. இன்னொரு கிளையில இன்னொரு பிள்ளை விழுந்தா, உங்ககிட்ட கேப்பாங்க. நான் போன்ல சொன்னேனே, அது உங்க காதுல விழுந்துச்சான்னு."

அவர் முகம் கறுத்தது. "மிரட்டுதியா?"

"இல்லை. நடக்கப்போறதைச் சொல்லுதேன். நீங்க கிளையை ரத்து பண்ணுங்க, நான் சாவியைத் தந்துட்டுப் போறேன். அப்பவும் மத்த ஏழு வெளிய வராது. ஆனா போர்டு போடச் சொல்லி நான் கேக்குறதை நிறுத்தமாட்டேன். உங்கள்ட்டயும் கேப்பேன், நீங்க கேக்கலைன்னா கேக்க வேண்டிய ஆபீஸ்லயும் போய்க் கேப்பேன்."

வெளியே உப்பு லாரி ஒன்று ஷட்டர் அதிர ரோட்டைக் கடந்து போனது. செந்தில்முருகன் நோட்டுத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலுக்குக் குனிகிற நேரத்தில், "அந்தப் பிள்ளை எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"வேலைக்குப் போகுது."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை முப்பத்திரண்டு கிளைகளுக்கும் ஒரே செய்தி வந்தது. கூடவே அச்சடிக்க வேண்டிய வாசகம். 'எங்கள் வறுவலில் இறால் வகை சேர்க்கப்படுகிறது. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்கவும்.' கல்லாவுக்கு மேலேயும் பில்லிலும் போட வேண்டும். கேட்கிறவர்களுக்கு ஊழியர்கள் வாயாலும் சொல்ல வேண்டும். முத்துக்கனி அன்றைக்கே பலகை எழுதி மாட்டினாள். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று சண்முகப்ரியா சொன்னதால் மறுநாள் இன்னும் பெரியதாக எழுத வைத்தாள். பிறகுதான் பெட்டியின் டேப்பைப் பிரித்தாள்.

கூட்டம் ஒரு வாரத்துக்குக் குறைந்தது. சிலர் பலகையை வாய்விட்டுப் படித்து, "அதான் அந்த ருசியா" என்று சொல்லி வழக்கத்தைவிடக் கூடுதலாக வாங்கிப் போனார்கள். மூன்று பேர் படித்துவிட்டு வாங்காமல் திரும்பினார்கள். அந்த மூன்று பேரையும் முத்துக்கனி எண்ணி வைத்திருந்தாள்.

கம்பெனியிலிருந்து அவளுக்குத் தனியாக ஒரு கடிதமும் வந்தது. ரத்து நோட்டீஸ் திரும்பப் பெறப்படுகிறது. ஆனால் மார்ச்சில் முடிகிற ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அஃபீஃபா அதைப் படித்துவிட்டு, இதற்கு எதிராக ஒன்றும் செய்ய முடியாது, புதுப்பிக்காமல் விடுவது அவர் உரிமை என்றாள். செந்தூர்பாண்டி போய்ப் பேசிப் பார்க்கிறேன் என்றார். முத்துக்கனி வேண்டாம் என்றுவிட்டாள். "தலையில உள்ளதை எடுத்துத் தர முடியலைன்னு நான்தான் சொன்னேன். அதைச் சுமந்துக்கிட்டு ஒருத்தி உள்ள இருந்தா அவருக்குத் தூக்கம் வராது" என்றாள். அதில் கசப்பு இல்லாமல் இல்லை. இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் சந்தைக்குப் போய் மிளகும் சோம்பும் பூண்டும் வாங்கி வந்தாள்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மதியம் கம்பெனி ஆட்கள் வந்து பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். கையேடு, பாக்கெட்டுகள், சட்டைகள், தொப்பிகள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு வாங்கிக்கொண்டார்கள். அடியில் அவள் கையெழுத்துப் போட்டாள். ரகசியம் காக்கும் கடமை ஒப்பந்தம் முடிந்த பின்னும் தொடரும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டே போட்டாள்.

ஏப்ரல் நடுவில் அதே இடத்தில், புது அடுப்பு வைத்து, சொந்தமாகக் கடை திறந்தாள். மிளகுக் கோழி. மசாலா முழுக்க அவளே கூட்டியது. கடல் சரக்கு எதுவும் அதில் கிடையாது. என்னென்ன சேருகிறது என்று வாசலிலேயே முழுப் பட்டியலும் எழுதிப் போட்டிருந்தாள். பழைய ஆட்கள் பலர் வந்தார்கள். துறைமுகத்து சூப்பர்வைசர் ஒருவர் இரண்டு துண்டு தின்றுவிட்டு, "அந்தப் பழைய ருசி இல்லியேம்மா. அது உனக்குத் தெரியும்லா, போட வேண்டியதுதானே" என்றார்.

"அது அவரோடது அண்ணாச்சி" என்றாள் முத்துக்கனி. "இது என்னோடது. உப்பு சரியா இருக்கான்னு சொல்லுங்க."

அவர் இன்னொரு துண்டைக் கடித்து யோசித்தார். கொஞ்சம் கம்மி என்றார். அவள் அடுத்த சட்டிக்கு அரைக் கரண்டி கூட்டினாள்.

அந்த ஷிப்பிங் ஏஜென்சியிலிருந்து இரண்டு பேர் சாயங்காலங்களில் பார்சல் வாங்க வருகிறார்கள். ஐஸ்வர்யா வரவில்லை. வருவாள் என்று முத்துக்கனி எதிர்பார்க்கவும் இல்லை.